வெளிநாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பும் முன்

பணி ஓய்வை நெருங்கும் செவிலிய வாசகர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். நேபாளத்துக்கோ ஆப்பிரிக்க நாடுகளுக்கோ வந்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லித் தொண்டு அமைப்புகள் கூப்பிடுகின்றன. இரண்டு வாரம்; சம்பளம் கிடையாது; டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. போகலாமா? உலகத்துக்கு இன்னும் 9 லட்சம் மருத்துவச்சிகள் தேவை என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. ஆகவே, போகலாம். அந்த இரண்டு வாரம்தான் எனக்கு உறுத்துகிறது.

இப்படிப்பட்ட உதவியை வாங்கிப் பழகியவர்கள் நாம். 1903-இல் கர்சன் சீமாட்டி விக்டோரியா நினைவு நிதியைத் தொடங்கி, நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். வகுப்புக்கு வரவழைக்கவே காசு கொடுக்க வேண்டியிருந்தது. முடித்துப் போனவர் ஊரில் எப்படிப் பிரசவம் பார்க்கிறார் என்று போய்ப் பார்க்க ஆளில்லை. 1977-இல் நம் அரசே கிராமத்துக்கு ஒரு நாட்டு மருத்துவச்சி என்று கணக்கிட்டு, ஒரு மாதப் பயிற்சி கொடுத்தது. கை, விரிப்பு, பிளேடு, நூல், தொப்புள்கொடி ஆகிய ஐந்தின் சுத்தத்தையும் மூத்த வாசகர்கள் இன்றும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். பலன் இல்லாமல் போகவில்லை. டி.டி. ஊசியும் சேர்ந்துகொள்ள, பச்சைக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன இசிவு நோய் ஒழிந்தது; 2015-இல் உலக சுகாதார நிறுவனமும் அதை உறுதிசெய்தது. தாய்மார் சாவு மட்டும் அந்தப் பயிற்சிக்கு மசியவில்லை. உதிரப்போக்குக்கும் ஜன்னிக்கும் குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கும் சுத்தமான பிளேடு என்ன செய்யும்? அந்தப் பாட்டிமார்களைக் குறை சொல்வது நம் தொழிலில் ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நஞ்சு விழாமல் ரத்தம் கொட்டும்போது, அவர்கள் அனுப்பிவைக்க ஓர் இடமும் இல்லை, ஏற்றிப்போக வண்டியும் இல்லை.

இன்றைய நாமக்கல் மாவட்டத்து எங்கள் புதுச்சத்திரம் பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த 1980-களில், டென்மார்க்கின் டானிடா உதவி இந்தப் பக்கம் வந்தது. பயிற்சியோடு துணை சுகாதார நிலையக் கட்டடமும் கிடைத்தது. நர்சம்மா குடியிருக்க அதிலேயே இடம். ராத்திரியில் கதவைத் தட்டினால் திறக்க ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் பெரிய மாற்றம். பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்சுகளை வைத்து 24 மணி நேரப் பிரசவம் வந்தது, 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது, 2022-இல் நாமக்கல்லுக்கு மருத்துவக் கல்லூரியும் வந்தது. 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இன்று புதுச்சத்திரத்தில் ஒரு தாய்க்கு உதிரப்போக்கு என்றால் நெடுஞ்சாலையில் ஏற்றி அரை மணிக்குள் நாமக்கல் சேர்த்துவிடலாம். கொல்லிமலையில் அதே படிப்புப் படித்த செவிலியர் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும்.

உதவி நிலைத்ததற்கு, இலங்கையில் 1926-இல் களுத்துறையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு தொடங்கிய சுகாதாரப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதிக்கு ஒரு மருத்துவச்சி, வீடு வீடாகப் போவது, மேலே ஒரு மருத்துவ அதிகாரி. அந்த முறையை அரசு தன் செலவில் நாடெங்கும் கொண்டுபோனது. பணம் கொடுத்தவர்கள் போன பிறகும் மருத்துவச்சி இருந்தார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்; கசப்பாக இருந்தாலும் சரி. கற்றுக்கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில். மொத்தப் பிரசவத்தில் சிசேரியன் மட்டும் 44.9 சதவீதம். நம் பதிவுச் சான்றில் செவிலியர் என்பதோடு மருத்துவச்சி என்றும் இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் கடைசிப் பத்தாண்டைக் கர்ப்பிணிகளின் பிக்மி பதிவிலும் ஊசி அறையிலும் கழித்தோம்? பிரசவ வலியின் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராஃபைப் பிள்ளை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்பும் லேபர் வார்டுகளை எல்லோருக்கும் தெரியும். தெலங்கானாவில் 2017-இல் ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் அமைப்போடு சேர்ந்து செவிலியர்களுக்கு மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியபோது, சொல்லித்தரப் பிரிட்டனிலிருந்து மருத்துவச்சிகள் வந்தார்கள். மல்லாக்கப் படுக்கவைக்காமல் பிரசவம் பார்ப்பது, எல்லோருக்கும் கத்தரி வைக்காமல் பொறுத்திருப்பது எல்லாம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்தவை. நாம் அவற்றைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. 2018-இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலும் ஏற்கெனவே செவிலியரானவருக்கு 18 மாதப் பயிற்சி என்கிறது. நாம் இரண்டு வாரத்தில் எதைக் கொடுத்துவிட்டு வருவோம்?

எனவே அழைப்பு வந்தால் இரண்டு வாரத்தை ஆறு மாதமாக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாதென்றால், ஒரே ஊருக்கு ஒவ்வோர் ஆண்டும் போக ஒப்புக்கொள்ளுங்கள். வகுப்பறையைக் குறைத்து, அங்குள்ள செவிலியரோடு இரவுப் பணி கேட்டு வாங்குங்கள். போகுமுன் ஒரு மாதம் கொல்லிமலையிலோ பச்சைமலையிலோ பணியாற்ற அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். வசதி குறைந்த இடத்தில் நம் கை எவ்வளவு தூரம் ஓடும் என்பது அங்கே தெரிந்துவிடும். அழைக்கும் அமைப்பிடம் சில விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரியில் வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறதா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை எவ்வளவு தூரம், ராத்திரியில் வண்டிக்கு டீசல் யார் போடுவார், நீங்கள் ஊர் திரும்பிய மறுவாரம் அந்த லேபர் ரூமுக்குப் போய்ப் பார்க்கப்போவது யார். கடைசிக் கேள்விக்கு ஓர் ஆளின் பெயரைச் சொல்லாத அமைப்புக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.