கோபத்துக்குத் திகதி போடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் தனது முதல் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார். உயர்தரம் முடித்தவர், வயற்காரக் குடும்பம். தலைப்பு: இலங்கையில் பீடைகொல்லிக் கட்டுப்பாடு. அவருக்குப் பக்கத்தில் இருந்து வழிகாட்டும் வேலையை ஆசிரியர்கள் சிலர் நாங்கள் எடுத்துக்கொண்டோம். விடயம் வெளியே தெரிந்ததும் ஆலோசனைகள் வரத் தொடங்கின. ஒரு சாரார், "இது என்னத்துக்கு சேர்? சம்பளமா தாராங்க? பொடியன ஒரு கோர்ஸ்ல சேர்த்து விடுங்க" என்றார்கள். மற்றச் சாரார், "நல்லாப் போட்டு விளாசச் சொல்லுங்க. நம்மட மண்ண நஞ்சாக்கின கம்பனிக்காரன்ட முகமூடிய கிழிக்கணும்" என்றார்கள்.

இரண்டு ஆலோசனையும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். தமிழில் அந்தக் கட்டுரை இல்லாமலே போகும். முதலாவது அவரை எழுத விடாது. இரண்டாவது அவர் எழுதியதை நிலைக்க விடாது.

முதல் சாராருக்கு முதலில் பதில் சொல்கிறோம். தமிழின் முதல் கலைக்களஞ்சியம் என்று சொல்லப்படும் அபிதானகோசம் 1902இல் இந்த நாட்டில்தான் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளை அதைச் செய்தார். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் இலங்கையரான மயூரநாதன். ஆக, இது எங்களுக்குப் புதிய வேலையும் அல்ல, வேலையற்றவன் வேலையும் அல்ல. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் இன்று வயலுக்கு எதை அடிப்பது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் கடைக்காரர். விவசாயியின் மகன் கையில் போன் இருக்கிறது. அவன் தமிழில் தேடினால் என்ன கிடைக்கிறது? விளம்பரமும் வட்ஸ்அப் வதந்தியும். போத்தலில் இருக்கும் நிறப் பட்டை எதற்கு, சிவப்பு என்றால் என்ன, மஞ்சள், நீலம், பச்சை என்றால் என்ன என்று நிதானமாகச் சொல்ல ஒரு பக்கம் தமிழில் இருப்பது சின்ன விடயமா?

இனி இரண்டாம் சாரார். இவர்களோடுதான் எங்களுக்குப் பெரிய வழக்கு.

தம்பியின் முதல் வரைவு "பன்னாட்டு நஞ்சு வியாபாரிகளின் சூழ்ச்சி" என்றுதான் தொடங்கியது. நாங்கள் அதன் மேல் சிவப்புக் கோடு போடவில்லை. ஓரத்தில் நான்கு கேள்விகளை எழுதினோம். எந்த மருந்து? எந்த ஆண்டு? எந்தச் சட்டம்? யார் சொன்னது? கோபம் இருக்கட்டும் தம்பி, அதற்குத் திகதி போடுங்கள் என்றோம்.

தலைப்பிலேயே ஒரு பாடம் இருந்தது. வட்டையில் நாம் "எண்ணெய் அடிக்கிற" என்போம். கடையில் அது "மருந்து". செய்தியில் "கிருமிநாசினி". தமிழ்நாட்டில் "பூச்சிக்கொல்லி". சட்டத்துக்கோ பூச்சியைக் கொல்வது, புல்லைக் கொல்வது, பங்கசைக் கொல்வது, எலியைக் கொல்வது எல்லாம் ஒரே சொல்லுக்குள் வர வேண்டும். ஆகவே பீடைகொல்லி. நஞ்சை மருந்து என்று கூப்பிட்டுப் பழகிய ஊரில் சரியான சொல்லை வைப்பதே ஒரு சேவை.

அந்த நான்கு கேள்விகளோடு தேடப் போனவர் கொண்டுவந்த கதையைக் கேளுங்கள்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். அதன்படி பேராதனையில், விவசாயத் திணைக்களத்தின் கீழ், பீடைகொல்லிப் பதிவாளர் என்று ஓர் அதிகாரி. அவரிடம் பதிவு பெறாத எதையும் நாட்டுக்குள் இறக்கவோ விற்கவோ கூடாது. எங்கள் உம்மாமார் காலத்தில் "பொலிடோல்" என்ற பெயர் காதில் விழுந்தால் அது வயல் கதை அல்ல, மௌத்துச் செய்தி. அதற்குள் இருந்த நஞ்சின் பெயர் பரத்தியோன். 1958இல் கேரளத்தில் கோதுமையோடு ஒரே கப்பலில் வந்த இதே பொலிடோல் உணவில் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான், 1968இல், இந்தியா சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பரத்தியோனும் மெதைல் பரத்தியோனும் 1984இல் தடை செய்யப்பட்டன.

1995இல் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. அவற்றில் பெரும் பகுதி வயலுக்கு வாங்கி வைத்த நஞ்சால். அந்த ஆண்டு மெத்தமிடோபோஸ், மொனோகுரோட்டோபோஸ் இரண்டும் நிறுத்தப்பட்டன. உடனே எண்டோசல்பானால் நிகழும் மரணங்கள் கூடின. வைத்தியசாலைகளிலிருந்து வந்த அந்தத் தகவலைப் பார்த்து 1998இல் அதையும் தடுத்தார்கள். 2008 தொடங்கி 2011க்குள் பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் மூன்றும் படிப்படியாக வெளியேற்றப்பட்டன. 2005 ஆகும்போதே தற்கொலை வீதம் பாதியளவுக்கு இறங்கிவிட்டது. 1995க்கும் 2015க்கும் இடையில் இப்படிக் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தடைகளால் நெல் விளைச்சல் குறைந்ததா என்றும் பார்த்திருக்கிறார்கள். குறையவில்லை.

"கிழி, விளாசு" என்பவர்களிடம் கேட்கிறோம். 93,000 உயிரைக் காத்த இந்த வரலாறு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊர்வலமோ கடையடைப்போ இல்லாமல், ஓர் அலுவலகத்தில் இருந்துகொண்டு, வைத்தியசாலைக் கணக்கைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு நஞ்சாக எடுத்த வேலை இது. தம்பி விளாசியிருந்தால் இந்தக் கதை அவருக்கே தெரிந்திருக்காது.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. தற்கொலை என்ற சொல்லையே நாம் வாயில் எடுப்பதில்லை. ஹராம் என்று ஒரு வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவோம். ஹராம்தான், அதில் மாற்றுப் பேச்சில்லை. ஆனால் ஆத்திரத்தில் அறிவு மறைந்து போகும் அந்த ஒரு நிமிடத்தில் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. அந்த நிமிடத்தைத் தாண்டிவிட்டவர்களில் பெரும்பாலானோர் பிறகு வாழத்தான் செய்கிறார்கள். ஓர் உயிரை வாழவைப்பதன் மகிமையை மிம்பரிலிருந்து கேட்டு வளர்ந்த நாம், ஒரு வர்த்தமானி அறிவித்தல் எத்தனை வீடுகளில் ஜனாஸாவைத் தடுத்தது என்று பேச ஏன் கூச வேண்டும்?

அப்படியானால் தடை எல்லாம் நல்லதா? அதே கட்டுரையில்தான் 2021உம் வருகிறது. அந்த மே மாதம் இரசாயன உரமும் விவசாய இரசாயனமும் ஒரேயடியாக இறக்குமதித் தடைக்குள் போயின. நவம்பரில் தடையை வாபஸ் வாங்கினார்கள். அதற்கிடையில் தொடங்கிய பெரும்போகம் என்ன ஆனது என்று எங்கள் வட்டைகளுக்கு யாரும் புள்ளிவிவரம் காட்டிச் சொல்லத் தேவையில்லை. கிளைபோசேட்டை 2015இல் தடுத்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்து, 2022இல் தடையையே நீக்கியதும் அங்கே வருகிறது. சான்றைப் பார்த்து, மாற்று வழி காட்டி, காலம் கொடுத்துச் செய்த தடை உயிரைக் காத்தது. மேடைக்காகச் செய்த தடை விவசாயியை முறித்தது. இந்த இரண்டையும் ஒரே கட்டுரைக்குள் நேர்மையாக வைக்க முழக்கம் போடுகிறவரால் முடியாது. அவருக்கு ஒரு பக்கம்தான் வேண்டும்.

நடுநிலை என்றால் கோழைத்தனம் என்று எங்களிடம் வாதிட்டவர்கள் உண்டு. ஒரு ஹதீஸ் சொன்னால் அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்று வரிசை பார்க்கும் சமூகம் நாம். அந்த வரிசையில் ஓர் ஆள் பலவீனம் என்றால் செய்தியையே ஓரத்தில் வைக்கும் சமூகம். "யார் சொன்னது" என்ற கேள்வி நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கேள்வியா? அதைக் கோழைத்தனம் என்று எப்போது முடிவெடுத்தோம்?

தம்பிக்கு நாங்கள் சொன்னவற்றுள் மிகக் கஷ்டமானது இதுதான். எண்ணெய் அடித்துவிட்டு வந்த இரவுகளில் வாப்பாவுக்குத் தலை சுற்றும், கை நடுங்கும் என்று ஒரு பந்தி எழுதியிருந்தார். உண்மைதான், எங்களுக்கும் தெரியும். ஆனால் கலைக்களஞ்சியத்தில் சொந்த அனுபவத்துக்கு இடமில்லை. யாராவது ஆராய்ந்து வெளியிட்டிருக்க வேண்டும். "அப்ப எங்கட வாப்பாமார் எங்கயுமே வரமாட்டாங்களா சேர்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தம்பி அல்ல. விக்கிப்பீடியாவின் விதியும் அல்ல. நாம். எழுதி வெளியிட்டவைதான் அங்கே சான்றாகும். எங்கள் வைத்தியர்கள் தமிழில் ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். எங்கள் விரிவுரையாளர்கள் மாணவர்களின் ஆய்வை அலுமாரியிலிருந்து எடுத்து அச்சேற்றியிருக்கலாம். ஊர்ப் பத்திரிகையாளர்கள் அரசியல்வாதியின் மாலையைப் படம் எடுத்த நேரத்தில் பாதியை வட்டவிதானைமாரிடம் கேட்டு எழுதச் செலவழித்திருக்கலாம். எழுத வேண்டியவர்கள் எழுதாமல் இருந்துவிட்டு, இருபது வயதுப் பொடியனிடம் போய் "நீ கிழி" என்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

ஆசிரியர் நண்பர்களுக்கும் ஒன்று. "நீங்களே எழுதிக் குடுத்தா ஒரு நாள்ல முடியுமே" என்கிறீர்கள். முடியும். பிள்ளையின் ஒப்படையைப் பெற்றோர் செய்து கொடுக்கும் அதே பழக்கம் அது. கட்டுரை வரும், எழுத்தாளர் வரமாட்டார். அடுத்த கட்டுரைக்கும் நாங்களே உட்கார வேண்டும். புதியவர் கையில் பேனை இருக்க வேண்டும், எங்கள் கையில் கேள்வி மட்டும் போதும்.

கடைசியாக, திட்டுவதோடு நிறுத்தாமல் ஒரு வேலையும் தருகிறோம். விவசாயப் போதனாசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்ற காக்காமார் இந்தக் கரையோரம் முழுக்க இருக்கிறீர்கள். கமநல சேவை நிலையம் அந்தக் காலத்தில் கொடுத்த துண்டுப்பிரசுரம், பழைய வர்த்தமானி, திணைக்கள வெளியீடு, எது வீட்டில் கிடந்தாலும் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து உட்பெட்டிக்கு அனுப்புங்கள். தம்பியின் கட்டுரையில் 1984க்கும் 1995க்கும் இடையில் நடந்தது இன்னும் சரியாக நிரம்பவில்லை. இந்தப் பதிவுக்கு லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பதினொரு வருடத்துக்கு ஒரு தாள் தாருங்கள்.