விலை பேசும் முன் மருந்துப் பையைப் பாருங்கள்

பல் இம்பிளான்ட் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது மூன்றுதான்: ஒரு பல்லுக்கு எவ்வளவு, எத்தனை தவணை, எத்தனை நாளில் முடியும். போட்டுக்கொள்ளப் போகிறவருக்குச் சர்க்கரை எவ்வளவு, என்னென்ன மருந்து எடுக்கிறார், புகைப்பவரா என்பதெல்லாம் முன்பணம் கட்டிய பிறகு நிரப்பும் படிவத்துக்குப் போய்விடுகிறது. இந்த வரிசை தலைகீழ். இம்பிளான்ட் என்பது தாடை எலும்பைத் துளைத்துத் திருகு பதிக்கும் அறுவை சிகிச்சை. திருகு எந்த நாட்டுத் தயாரிப்பு என்று விசாரிக்கும் முன், அதைச் சுற்றி எலும்பு வளர்க்க வேண்டிய உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரானெமார்க் 1952இல் முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியை ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தபோது, அது எலும்போடு ஒட்டிப்போய் வர மறுத்தது. அந்த ஒட்டுதலை நம்பித்தான் 1965இல் மனிதத் தாடையில் இம்பிளான்ட் பதித்தார். ஆனால் ஒட்டுதல் பதித்த அன்றே நடப்பதில்லை. முதல் நாள் திருகு அசையாமல் நிற்பது அதன் மரை எலும்பைக் கவ்வியிருப்பதால். அடுத்த சில வாரங்களில் துளையைச் சுற்றியுள்ள பழைய எலும்பு கரையும். அந்த இடத்தில் புது எலும்பு வளரும். பழையது போய்ப் புதியது முழுதாக வராத இடைவெளியில், ஏறத்தாழ மூன்றாவது நான்காவது வாரத்தில், பிடிப்பு மிகவும் தளர்ந்திருக்கும். நன்றாக இறுக மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். ‘ஒரே நாளில் பல்’ என்று காட்டப்படுவது அந்த முதல் நாள் பிடிப்பு. சிலருக்கு அது பலிக்கவும் செய்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு. ஈறு நோயால் பல் ஆடி விழுவதும் இவர்களிடம் அதிகம். ஆகவே இம்பிளான்ட் கேட்டு வருவோரில் இவர்கள் கணிசமாகவே இருப்பார்கள். சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால் பல்லில் கை வைக்க மாட்டார்கள் என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7ஐ ஒட்டி இருந்தால், சர்க்கரை இல்லாதவருக்கு நிலைப்பதைப் போலவே பெரும்பாலும் நிலைக்கிறது. அளவு 8ஐத் தாண்டியவர்களுக்கும் ஓராண்டு முடிவில் இம்பிளான்ட் நின்றதாக ஆய்வுகள் உண்டே, பிறகு ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்கலாம். நின்றது உண்மை. பிடிப்பு இறுகக் கூடுதல் காலம் பிடித்ததும் உண்மை. காத்திருக்க முடிந்தால் அது பெரிய சிக்கல் இல்லை. அன்றைக்கே பல்லைக் கட்டிவிட்டு மறுவாரம் முறுக்கு கடிக்கலாம் என்று அனுப்பினால் சிக்கல். தவிர, இம்பிளான்ட்டின் ஆயுளில் ஓராண்டு வெறும் தொடக்கம். அதைச் சுற்றி ஈறு வீங்கி எலும்பு கரையும் நோய் பெரும்பாலும் பிந்திதான் வரும். கட்டுப்படாத சர்க்கரை அதற்குத் துணை போகும்.

சர்க்கரையாவது எல்லோருக்கும் தெரிந்த நோய். அதைவிடக் கவலை தருபவை, சாப்பிடுகிறவரே மருந்துக் கணக்கில் சேர்க்காத மருந்துகள். எலும்பு மெலிவுக்கான அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். சோலெட்ரோனிக் அமிலம் வருடம் ஒருமுறை டிரிப்ஸில் ஏறும். டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி. ‘தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று கேட்டால் இவை எதுவும் பதிலில் வராது. சுகர், பிரஷர் என்று முடிந்துவிடும். எலும்பு கரைவதைத் தடுப்பது இவற்றின் வேலை. கரைந்து புதுப்பிக்கும் வேலையே மந்தமானால் தாடைக் காயம் ஆறாமல், எலும்பு வெளியே தெரிந்து செத்துப்போகும் ஆபத்து உண்டு. 2003 முதல் மருத்துவ இதழ்கள் இதைப் பதிந்துவருகின்றன. புற்றுநோய் எலும்புக்குப் பரவி இம்மருந்துகளை அதிக அளவில் ஊசியாக ஏற்றிக்கொள்பவர்களுக்கு இம்பிளான்ட்டைத் தவிர்ப்பதே வழக்கம். எலும்பு மெலிவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களில் இது பத்தாயிரத்தில் சிலருக்கே வருகிறது. ஆபத்தைச் சொல்லிவிட்டு, கவனத்தோடு செய்யலாம். மருந்தின் பெயரும் அளவும் தெரியாமல் இந்த இருவரையும் பிரித்தறிய வழியில்லை. அதனால்தான் வீட்டிலுள்ள மருந்துப் பையை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு அப்படியே எடுத்துப்போகச் சொல்கிறேன்.

புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்பது ஏறத்தாழ இரு மடங்கு. தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், மாரடைப்பு வந்து ஆறு மாதம் ஆகாதவர்கள் ஆகியோருக்கு அந்தந்தச் சிறப்பு மருத்துவரைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை இம்பிளான்ட்டுக்காகத் தாமாகவே நிறுத்துவது இதற்கு நேர்மாறான தவறு. ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்தலாம், மூளையில் ஏற்படும் அடைப்பை அப்படி நிறுத்த முடியாது. இத்தனை கேட்டால் வயதானவர்களை வடிகட்டிவிடுவார்களே என்பது நியாயமான ஐயம். ஆனால் வயதை மட்டும் வைத்து யாரையும் தள்ள மருத்துவத்தில் ஆதாரமில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் 75 வயதுக்காரர், நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதும் 45 வயதுக்காரரைவிட இதற்குத் தகுந்தவர். வயது உண்மையில் தடையாவது மறுமுனையில்: தாடை வளர்ச்சி முடியாத பதின்வயதில் பதித்தால், பக்கத்துப் பற்கள் தாடையோடு நகர, இம்பிளான்ட் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

செலவு கூடும் என்பது நிற்காத வாதம். எச்பிஏ1சிக்கு ஆவது சில நூறு ரூபாய், இம்பிளான்ட்டுக்குப் பல ஆயிரம். அழுத்தமான மறுப்பு கிளினிக் நடத்துபவர்களிடமிருந்து வரும்: மூன்று மாதம் பொறுக்கச் சொன்னால் நோயாளி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார், அங்கே அன்றைக்கே போட்டுவிடுவார்கள். இது நிஜமான கஷ்டம். அதனால்தான் இதைத் தனி மருத்துவரின் மனசாட்சிக்கு விடக் கூடாது. முன்பணம் வாங்கும் முன் நோயாளியின் நோய்கள், எல்லா மருந்துகளும் ஊசிகளும், மூன்று மாதத்துக்குள் எடுத்த சர்க்கரை அளவு, புகைப்பழக்கம், பழைய ஈறு நோய் ஆகியவற்றை எழுதி, அவரிடம் ஒரு பிரதி கொடுப்பதைப் பல் மருத்துவக் கவுன்சில் எல்லாக் கிளினிக்குக்கும் பொதுவான விதியாக்கலாம். அதில் எங்கேனும் சிக்கல் தெரிந்தால், அவரை வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரின் கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.