முத்தும் கயிறும்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில் நம்மவர் இல்லங்களில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். பிள்ளை எந்தத் துறைக்குப் போகிறான்? சம்பளம் எவ்வளவு? ஓய்வூதியம் உண்டா? இவை கேட்கத் தகாத கேள்விகள் அல்ல. வறுமையின் கொடுமையை அறிந்த பெற்றோர் இவற்றைக் கேளாதிருத்தல் எங்ஙனம்? ஆயினும், இளமையில் ஒரு தொழிலை ஏற்பவர் தம் வாழ்நாளின் நற்பொழுதுகளை எல்லாம் அதற்கே கொடுத்துவிடுகின்றார். அத்தொழில் சோறு தந்தால் மட்டும் போதுமா? மனநிறைவும் தரவேண்டாவா? அந்நிறைவு எங்கே பிறக்கின்றது? விடை தேடி மன்னார்க் கடற்கரைக்குச் செல்வோம்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையோரமாக அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே கடலடியிற் கிடக்கும் பார்களே பண்டுதொட்டுப் புகழ்பெற்ற முத்துச்சிப்பி விளைநிலங்கள். இன்று அங்கே முத்துக்குளிப்பு இல்லை. ஆனால், 1905-ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியின் மணல்வெளியில் ஒரு நகரமே முளைத்தெழுந்தது. தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஏறத்தாழ 5,000 முத்துக்குளிப்போர் வந்து கூடினர். அவ்வாண்டில் எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடி அளவினவாம். அரசாங்கம் பெற்ற வருவாயோ ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய்!

முத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கயிற்றைப் பற்றிப் பேசினவர் எத்தனை பேர்?

மூழ்குபவர் ஒரு கல்லின் மீது கால் பதித்துக் கடலுள் இறங்குவார். அக்கல்லிலும், சிப்பி சேர்க்கும் பையிலும் கட்டிய கயிறுகள் தோணியில் நிற்கும் துணைவர் கையில் இருக்கும். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளிப் போட்டு, அவர் கயிற்றை அசைப்பார். மேலே நிற்பவர் உடனே இழுத்தல் வேண்டும். அவர் கவனம் சிறிது பிசகினாலும் கீழே ஓர் உயிர் தத்தளிக்கும். எடுத்த சிப்பியுள் முத்து இருப்பதும் இல்லாததும் ஊழின் செயல். கயிற்றைப் பிடிப்பதோ மனிதரின் செயல். முத்து ஒன்றும் கிட்டாத நாளிலும், அந்தத் துணைவர் மாலையிற் கரையேறும்போது, "இன்று என்னை நம்பி இறங்கியவர் நலமாகத் திரும்பினார்" என்று நெஞ்சாரச் சொல்லிக்கொள்ளலாம். தொழிலின் நிறைவு இதுவே என்பது நம் துணிபு. கிடைத்த பரிசை எண்ணி அன்று, நம்மை நம்பியிருப்பவர் யார் என்பதை அறிந்து அவருக்காகச் செய்யும்போதே வேலைக்குப் பொருள் பிறக்கின்றது.

இக்கரைக்கு வந்த இருவர் வரலாறு இதனை மேலும் விளக்கும்.

ஒருவர் ஜேம்ஸ் ஹோர்னல். முத்துச்சிப்பிகள் சில காலம் பெருகியும் சில காலம் அடியோடு மறைந்தும் போவது ஏன் என்று ஆராய, 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவரே ஹோர்னல். பேராசிரியர் சில மாதங்களில் நாடு திரும்பினார், உதவியாளர் தங்கிவிட்டார். மணல் மூடுவதாலும் திருக்கை முதலிய மீன்கள் தின்பதாலும் சிப்பிகள் அழிவதை ஆராய்ந்தார்கள். இளஞ்சிப்பிகளை நல்ல பார்களுக்கு மாற்றி இட்டும் பார்த்தார்கள். ஆயினும், 1907-க்குப் பின் பல ஆண்டுகள் குளிப்பே நடைபெறவில்லை; 1906-இல் பார்களைக் குத்தகைக்கு எடுத்த கம்பனியும் நட்டமடைந்தது. முத்தைக் கொண்டு அளந்தால் அம்முயற்சி தோல்வியே. ஹோர்னலோ சோர்ந்து போகவில்லை. சென்னை மாகாண மீன்பிடித் திணைக்களத்திற் சேர்ந்து அதன் இயக்குநராக உயர்ந்தார். சங்கு குளிப்பையும், நம் கரையோர மக்களின் கட்டுமரத்தையும் தோணியையும் ஆராய்ந்து எழுதினார். படகுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1946-இல் வெளிவந்தது. நம் மீனவரின் கைத்திறனை அறிய விரும்புவோர் இன்றும் அவர் எழுத்துக்களை நாடுகின்றனர்.

மற்றவர் லெனார்ட் வுல்ஃப். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து, யாழ்ப்பாணத்தில் இருந்த இவ்விளைஞர், 1906-இல் முத்துக்குளிப்பைக் கண்காணிக்க மறிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபரானார். உயர்ந்த பதவி, மேலும் உயரும் வாய்ப்பும் உண்டு. ஆயினும், பிறரை ஆளும் உத்தியோகம் அவர் மனச்சாட்சியை உறுத்திற்று. திருமணம் செய்துகொள்ளும் எண்ணமும் கூடவே, 1912-இல் அவர் பதவியைத் துறந்தார். அம்பாந்தோட்டைக் காட்டுக் குடிகளின் துயரை நாவலாக்கி 1913-இல் வெளியிட்டார். நிலைத்து நிற்பதும் நிறைவு தரலாம். விலகிச் செல்வதும் நிறைவு தரலாம். இரண்டிலும் தம் உள்ளத்தை ஏமாற்றாமையே முதன்மையானது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "தொண்டு, கடமை" என்று இனிக்கப் பேசி, உழைப்பவர் கூலியைக் குறைக்க எண்ணுவோரும் உளர். மன்னார்க் கடலில் மூழ்கியவர்கள் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கே உரியதாயிருந்தது. அதனைத் தாமே விற்றுக்கொண்டனர். உயிரைப் பணயம் வைத்த உழைப்புக்கு அப்பங்கு போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால், பங்கின்றி எவரும் இறங்கமாட்டார் என்பதை அக்காலத்து ஆட்சியாளரும் அறிந்திருந்தனர். மனநிறைவு ஊதியத்துக்கு ஈடாகாது. ஊதியமும் மனநிறைவுக்கு ஈடாகாது.

மாணவ மணிகளே! மருத்துவர், பொறியியலாளர் என்னும் இரண்டு முத்துக்களை மட்டுமே தேடி மூழ்கி, அவை கிட்டாதபோது வாழ்வே பாழ் என்று வருந்தாதீர்கள். தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 1990-இல் போரினால் அழிந்து, 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அந்தத் தண்டவாளத்தை நடந்து சோதிக்கும் தொழிலாளியின் பெயரைப் பயணிகள் அறியார். அவருடைய கவனத்தை நம்பியே இரவில் உறங்கிச் செல்கின்றனர். தாதி, ஆசிரியர், இயந்திரம் திருத்துபவர், கணக்கெழுதுபவர் என எவர் கையிலும் இத்தகைய கயிறு ஒன்று இருக்கின்றது.

பெற்றோரே! சம்பளத்தைக் கேளுங்கள், ஓய்வூதியத்தையும் கேளுங்கள். அத்துடன், "இந்த வேலையில் உன்னை நம்பியிருக்கப் போகிறவர் யார், மகனே?" "அவர்களுக்காக உழைக்க உனக்கு மனம் உண்டா, மகளே?" என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை உடனே விடை சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. அக்கேள்வியுடன் தொழிலுக்குப் போகிறவருக்கு விடை வழியிலேயே கிடைக்கும்.