யாழ்ப்பாணத்திலிருந்து நிமலராஜன்

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களுக்குக் கட்டிய 321 வீடுகள் 2022இல் திறக்கப்பட்டன. போருக்குத் தப்பி இப்படித் தமிழகம் வந்து சேர்ந்தவர்களுக்கு ஊர் நிலவரம் சொன்னது பெரும்பாலும் ரேடியோதான். பி.பி.சி. தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி தந்தவர் மயில்வாகனம் நிமலராஜன். வெளியூர் நிருபர்கள் எளிதில் நுழைய முடியாத போர்க்காலம் அது.

தமிழோசையோடு அவர் நிற்கவில்லை. பி.பி.சி.யின் சிங்களச் சேவையான சந்தேசியவுக்கும், சிங்கள வார இதழ் ராவயவுக்கும் செய்தி கொடுத்தார். அவருடைய பெரிய துணிச்சல் இதுதான். தமிழர் படும் பாட்டைத் தமிழரிடம் சொன்னால் அழுது ஆற்றிக்கொள்வார்கள். காலியிலும் கண்டியிலும் இருக்கும் சிங்களவர் காதில் போட்டால் ஆட்சிக்கே சங்கடம்.

2000 அக்டோபர் 10இல் நாடாளுமன்றத் தேர்தல். யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவகப் பகுதியில் நடந்த மிரட்டலையும் கள்ள ஓட்டையும் நிமலராஜன் அம்பலப்படுத்தினார். அக்டோபர் 19 இரவு, வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். கையெறி குண்டும் வீசினார்கள். பெற்றோரும் மருமகன் முறையான சிறுவனும் காயமடைந்தார்கள். அப்போது ஊரடங்கு. சுற்றிலும் ராணுவக் காவல். நாய்கூட நடமாட யோசிக்கும் தெருவுக்கு ஆயுதத்தோடு வந்து போனவர்களை யாரும் பார்க்கவில்லையாம்!

அதே அக்டோபர் 19இல், 1986ஆம் ஆண்டு, நைஜீரியாவின் லாகோஸில் நியூஸ்வாட்ச் இதழின் ஆசிரியர் டெலே கிவா வீட்டுக்கு வந்த பார்சல் குண்டு வெடித்து இறந்தார். ராணுவ ஆட்சிக் காலம். அந்த வழக்கில் இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் கிவா, நண்பர்களோடு தொடங்கிய சொந்தப் பத்திரிகையின் ஆசிரியர். நிமலராஜன் உள்ளூர் நிருபர். நம் தாலுகா நிருபர்களின் நிலையும் அதுதான். மணல் லாரியைப் பற்றி எழுதிய மறுநாள் காலையில், லாரிக்காரர் உட்கார்ந்திருக்கும் அதே டீக்கடைக்குத்தான் போயாக வேண்டும்.

நிமலராஜன் கொலையில் பிடிபட்ட சந்தேக நபர்கள் ஜாமீனில் வந்தார்கள். 2021இல் இலங்கை சட்டமா அதிபர் திணைக்களம் வழக்கைத் தொடர வேண்டாம் என்றதும் விடுவிக்கப்பட்டார்கள். மறு வருடம் பிப்ரவரியில், இதே கொலை தொடர்பாக இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் 48 வயதுக்காரர் ஒருவரை லண்டன் போலீஸ் கைது செய்து விசாரித்தது. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களிடம் தகவலும் கேட்டது. கடல் கடந்த போலீசுக்கு இருக்கும் அக்கறை கொழும்புக்கு இல்லாமல் போனது வெட்கக்கேடு. மூடிய கோப்பைத் திறந்து, கையிலிருக்கும் சாட்சியங்களை லண்டனுக்குக் கொடுக்கட்டும்; 2021இல் ஏன் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதை நிமலராஜனின் மனைவியிடமும் மூன்று மகள்களிடமும் விளக்கட்டும்.