முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் விசிட்: கேக் வெட்டினால் போதுமா?

பிறந்தநாள், கல்யாண நாள், ஆபீஸ் சிஎஸ்ஆர் டே... முதியோர் இல்லம் என்றதும் நம்மில் பலருக்கு வரும் முதல் ஐடியா, மதியச் சாப்பாடு ஸ்பான்சர். கூடவே ஒரு கேக், நாலு பாட்டு, ஒரு குரூப் போட்டோ. தப்பே இல்லை. ஆனால், நாம் கிளம்பிய மறுநாள் காலை 10 மணிக்கு அங்கே என்ன நடக்கும்? டிபன் முடிந்தது, மாத்திரை போட்டாச்சு, டிவி ஓடுகிறது. மதியச் சாப்பாடு வரை வேறு வேலை இல்லை. அந்த வெற்று நேரம்தான் இங்கே பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 19-வது பிரிவின்படி, வசதியற்ற முதியோருக்காக மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று என, தலா 150 பேராவது தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம். இல்லங்களின் தரத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவ வசதியோடு பொழுதுபோக்கையும் அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. ஆனால் யார் திட்டமிடணும், எப்படித் திட்டமிடணும் என்ற விவரம் அதில் இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1987-ல் வந்த நர்ஸிங் ஹோம் சீர்திருத்தச் சட்டமும் அதையொட்டிய விதிகளும், ஒவ்வொருவரின் உடல்நிலை, விருப்பத்துக்கு ஏற்பச் செயல்பாடுகள் இருக்க வேண்டும், அதைத் தகுதியுள்ள ஒருவர் வழிநடத்த வேண்டும் என்கின்றன. அதாவது, அங்கே இது எக்ஸ்ட்ரா இல்லை, பராமரிப்பின் ஒரு பகுதி.

ஒரு செடி என்ன செய்துவிடும்?

உளவியலாளர்கள் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு நர்ஸிங் ஹோமில் நடத்திய ஆய்வு 1976-ல் வெளியானது. ஒரு தளத்தில் இருந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த செடியை எடுத்து அவர்களே வளர்க்கலாம், சினிமா பார்க்கும் நாளையும் அவர்களே முடிவு செய்யலாம். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், சினிமா காட்டினார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றியது நர்ஸ், நாளை முடிவு செய்தது நிர்வாகம். மூன்று வாரத்தில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பது தெரிந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் வித்தியாசம் செடியில் இல்லை, ‘நான் முடிவு செய்தேன்’ என்பதில் இருந்தது.

விசிட் போவதே சிக்கலா?

சில சமயம் ஆம். அதே 1976-ல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளர், கல்லூரி மாணவர்களை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிப் பார்த்தார். மாணவர் எப்போது வருவார் என்று முன்பே தெரிந்தவர்களும், வரும் நேரத்தைத் தாங்களே முடிவு செய்தவர்களும் நன்றாக இருந்தார்கள். சொல்லாமல் திடீரென்று வந்த விசிட்டால் பெரிய பலன் இல்லை.

ட்விஸ்ட் இதற்குப் பிறகுதான். ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்றது. 1978-ல் வெளியான தொடர் ஆய்வில், முன்பு அதிகம் பலனடைந்த அதே ஆட்கள்தான் அதிகம் சரிந்திருந்தார்கள். எதிர்பார்க்கப் பழக்கிவிட்டுக் காணாமல் போவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

சரி, எப்படித் திட்டமிடுவது?

* முதலில் கேளுங்கள்: டீச்சரா, தையல்காரரா, விவசாயியா? என்ன வேலை பார்த்தார், எது பிடிக்கும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வைத்தாலே பாதித் திட்டம் தயார்.

* சின்னக் குழு: 50 பேருக்கு மைக் பிடிப்பதைவிட, ஆறேழு பேர் உட்கார்ந்து தாயம், பல்லாங்குழி ஆடுவது மேல். காது மந்தமானவருக்கும் பேச்சு கேட்கும்.

* படுக்கையில் இருப்பவர்: ஹாலுக்கு வர முடியாதவர் லிஸ்ட்டில் விடுபடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டலாம், பழைய பாட்டு போடலாம்.

* மறதி நோய் உள்ளவர்: ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்று டெஸ்ட் வைக்காதீர்கள். பூ தொடுப்பது, துணி மடிப்பது போன்ற கைப்பழக்கமான வேலைகள் பலருக்கு எளிது. மாலையில் சிலருக்குப் பதற்றம் கூடும், அப்போது கூட்டமும் சத்தமும் வேண்டாம்.

* ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்: கீரை ஆய்வது பிடித்துச் செய்தால் பொழுதுபோக்கு, கட்டாயப்படுத்தினால் சம்பளமில்லாத வேலை.

நாம் என்ன செய்யலாம்?

இல்லங்களில் இருக்கும் பணியாளர்களுக்குக் குளிப்பாட்டவும் சாப்பாடு கொடுக்கவுமே நேரம் சரியாக இருக்கும். வெளியாட்களின் நேரம் அங்கே உண்மையிலேயே உதவும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை முழுநாள் போவதைவிட, மாதம் இரண்டு ஞாயிறு ஒரு மணி நேரம் போவது நல்லது. நாலு நண்பர்கள் முறைவைத்துப் போனால் யாருக்கும் பாரமாக இருக்காது. ஸ்வீட் கொடுக்கும் முன் நர்ஸிடம் கேளுங்கள், போட்டோ எடுக்கும் முன் அவர்களிடமே கேளுங்கள்.

ஒரு வாரம் வர முடியாவிட்டால் போன் செய்து சொல்லிவிடுங்கள். ஒரேயடியாக நிறுத்துவதாக இருந்தால், நேரில் போய்ச் சொல்லி, உங்கள் இடத்துக்கு வரப்போகிறவரை அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள். வாசலைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்க நாம் காரணமாகிவிடக் கூடாது.