தோல் இருக்கைக்குக் கொடுக்கும் காசு

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் அரசு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் ஓடிய கார்களே கைமாறின, விலையும் எகிறியது. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் உல்லாசப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கலாம் என்று இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் லீசிங் போட்டு எடுப்பதும் இவற்றைத்தான். 'லெதர் சீட்' என்று சொல்லி விற்பவர் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

அந்தக் காலத்து சீட் உழைக்கும், இப்போது வருவது உரியும் என்பது ஊர்ப்பேச்சு. அதில் பாதிதான் உண்மை. பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நல்ல மாட்டுத்தோல் இருந்தது. ஆனால், இன்றும் குலையாத பென்ஸ் 123 இருக்கையைத் தடவி மெச்சுகிறவர்கள் பெரும்பாலும் தடவுவது எம்.பி.டெக்ஸ் என்ற வினைலை. தவிர, கெட்டுப்போன பழைய இருக்கைகள் எப்போதோ குஷன் கடைக்குப் போய் மாறிவிட்டன. நம் கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே.

புதிய கார்களில் உடல் படும் முகப்பு மட்டும் தோலாகவும், ஓரமும் முதுகும் செயற்கையாகவும் இருப்பது சாதாரணம். பல கார்களில் முகப்பும் தோல் அல்ல, துணிமேல் பூசிய பொலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நீராற்பகுப்பால் அந்தப் பூச்சு சிதையும். பனிமூட்டமும் மாதக்கணக்கில் மழையும் உள்ள மலைநாட்டில், பகலில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கும் காருக்கு இரண்டும் கிடைக்கின்றன. செதில் செதிலாகக் கழன்ற பூச்சை எந்தக் குஷன்காரராலும் திரும்ப ஒட்ட முடியாது. அசல் தோலுக்கும் இங்கே சுகமில்லை. மழைக்காலத்தில் பூட்டியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் அதைத் துடைத்து உலர்த்தலாம், வெடித்த துண்டை மட்டும் வெட்டி மாற்றித் தைக்கலாம்.

ஆகவே காரின் வயதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சாரதி ஏறி இறங்கி உரசும் வலது ஓரத்தை முதலில் பாருங்கள். பிறகு சீட்டின் கீழ்விளிம்பைப் புரட்டி, உறையின் உட்புறத்தைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் அது தோல் அல்ல; தோலுக்கான காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஜப்பானிலிருந்து வந்த துணி இருக்கைகளை மட்டமாக நினைப்பதும் தவறு. டொயோட்டாவின் மிக உயர்ந்த காரான செஞ்சுரியிலேயே கம்பளித் துணி இருக்கை உண்டு. இறம்பொடை ஈரத்துக்கு, உரியக் காத்திருக்கும் போலித் தோலைவிட நல்ல துணியே மேல் என்பேன்.

வாங்குபவரின் கவனம் மட்டும் போதாது. விலங்குத் தோல் அல்லாததைத் தோல் என்று விற்பதை பிரேசில் 1965லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. நம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, இருக்கை எதனால் ஆனது என்று விற்பனை விளம்பரத்தில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். மாதா மாதம் லீசிங் கட்டுகிற பிள்ளை பொய்க்கும் சேர்த்து வட்டி கட்டக் கூடாது.