சறுக்கு விளையாட்டு: தடை வேண்டா, காப்பு வேண்டும்

வீராணம் ஏரி என்றும் பனிக்கட்டியாய் உறையப் போவதில்லை. பனித்தளச் சறுக்கு நம் பிள்ளைகளுக்கு எட்டாதது. ஆயின் சக்கரக் காலணிச் சறுக்கு எட்டும். 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3,000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடரோட்டத்தில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலம் வென்றன; இரண்டிலும் சென்னைப் பிள்ளைகள் இடம்பெற்றிருந்தனர்.

"கை முறிந்துவிடும்" என்று பெற்றோர் தடுக்கின்றனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. விழும் பிள்ளை கையை ஊன்றும். உடலின் எடை மணிக்கட்டில் இறங்க, எலும்பு முறியக்கூடும். ஆயினும் தலைக்கவசமும் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளும் அணிந்தால் பல காயங்களைத் தவிர்க்கலாம். அதையும் மீறி மணிக்கட்டு வீங்கினால், எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். அட்டை வைத்து, அசையாதபடி கட்டி, மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

பிள்ளைகளை வீட்டில் அடைப்பதும் தவறு. வண்டிகள் விரையும் சாலையில் சறுக்க விடுவதும் தவறு. காட்டுமன்னார்கோயில் பேரூராட்சிக்கு வேண்டுவன மூன்று: வழவழப்பான ஒரு பொதுத்தளம், அடிபடாமல் விழவும் கற்பிக்கும் பயிற்சியாளர், இரவலாகத் தரக் காப்புக் கருவிகள். வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் அங்கே அச்சமின்றி ஆட வேண்டும்.